வேலைக்கு ஒரு லேப்டாப்: விலை, உழைப்பு, அன்றாடத் தேவை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு சிறிய அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வாங்கிக் கொடுப்பதும் நான்தான், மூன்று வருடம் கழித்து அதே லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டு ஸ்க்ரூ கழற்றுவதும் நான்தான். அதனால் என் பதில்களில் விற்பனையாளரின் உற்சாகம் இருக்காது. ஒரு லேப்டாப் மூன்றாவது வருடத்தில் எப்படி இருக்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நண்பர்களும் உறவுக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

பிசினஸ் லேப்டாப் என்று தனியாக ஒன்று உண்டா, இல்லை விலையை ஏற்ற வைத்த பெயரா?

உண்டு. ஆனால் வித்தியாசம் வேகத்தில் இல்லை. ஒரே சிபியு, ஒரே அளவு ரேம் என்றால் வீட்டு உபயோக லேப்டாப்பும் பிசினஸ் லேப்டாப்பும் ஒரு எக்செல் கோப்பைத் திறக்க எடுக்கும் நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கூடுதல் பணம் வேறு இடங்களுக்குப் போகிறது. திரைக்குப் பின்னால் உள்ள மூடி, கீல், கீபோர்டு, பிரித்து மாட்டும் வசதி, உதிரிபாகம் எத்தனை வருடம் கிடைக்கும் என்பது, பழுதானால் ஆள் வருவாரா நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பது. இவை எதுவும் விளம்பர அட்டையில் பெரிய எழுத்தில் இருக்காது.

லெனோவோவில் திங்க்பேட், எச்பியில் எலைட்புக்கும் ப்ரோபுக்கும், டெல்லில் நெடுங்காலம் லாட்டிட்யூட் (2025 முதல் டெல் ப்ரோ என்று பெயர் மாறியது), ஏசுஸில் எக்ஸ்பர்ட்புக், ஏசரில் டிராவல்மேட். இவையெல்லாம் இந்த வகை. திங்க்பேட் 1992ல் ஐபிஎம் கொண்டுவந்த பெயர். 2005ல் ஐபிஎம்மின் பிசி தொழில் லெனோவோவின் கைக்குப் போனபோது கூடவே போனது.

ஒன்று கவனியுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் படிகள் உண்டு. திங்க்பேடிலேயே ஈ வரிசை மலிவு, எல் நடுத்தரம், டி தினமும் அடிபட்டு உழைக்க, எக்ஸ்1 உச்சி. "திங்க்பேட் வாங்கினேன், இரண்டே வருடத்தில் போய்விட்டது" என்று யாராவது சொன்னால் எந்த வரிசை என்று முதலில் கேளுங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. மாடல் பெயரோடு சர்வீஸ் மேனுவல் என்று சேர்த்துத் தேடிப் பாருங்கள். நல்ல பிசினஸ் மாடலுக்கு, எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்ற வேண்டும் என்பது வரை படத்தோடு, தயாரிப்பாளரே பொதுவில் போட்டிருப்பார். அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் அந்த மாடலை இன்னொருமுறை யோசியுங்கள்.

எவ்வளவு செலவு செய்யலாம்?

விலையை வருடத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு லேப்டாப் மூன்று பங்கு விலை, மூன்று வருடம் ஓடும். இன்னொன்று நாலு பங்கு விலை, ஐந்து வருடம் ஓடும். முதலாவதுக்கு வருடத்துக்கு ஒரு பங்கு, இரண்டாவதுக்கு முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. வாங்கும்போது மலிவாகத் தெரிந்ததுதான் கடைசியில் விலை கூடியது. இதில் சர்வீஸ் சென்டரில் கிடக்கும் நாட்களை நான் சேர்க்கவே இல்லை. அந்த நாட்களில் உங்கள் வேலை என்ன ஆகும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

அதற்காக உச்சிக்குப் போக வேண்டாம். எக்ஸ்1 போன்ற மேல்வரிசை மாடல்களில் கூடுதலாகக் கொடுப்பது பெரும்பாலும் மெல்லிய உடலுக்கும் குறைந்த எடைக்கும்தான். வாரத்தில் நாலு நாள் பயணம் செய்பவருக்கு அது நியாயம். மேஜையை விட்டு நகராதவருக்கு நடுவரிசை போதும். போன வருடத்து மாடல் புதிதாகவே விலை குறைந்து கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். அலுவலக வேலையில் ஒரு தலைமுறை வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதையாகிவிடக் கூடாது. கூடுதல் வாரண்டி, இன்னொரு சார்ஜர், காப்பி எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க், இவற்றுக்கும் சேர்த்துத்தான் பட்ஜெட் போட வேண்டும்.

"ராணுவத் தரம்" என்று போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். அவர்கள் சொல்வது மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறை. முதல் பதிப்பு 1962ல் வந்தது. 810எச் என்பது 2019ல் வந்த பதிப்பு. சூடு, குளிர், ஈரப்பதம், தூசி, அதிர்வு, கீழே போடுவது என்று பல சோதனைகளை எப்படிச் செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். "பாஸ்" என்று முத்திரை குத்த நடுநிலையான அமைப்பு எதுவும் இல்லை.

கீழே போடும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பெட்டிக்கு ஆறு பக்கம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. மொத்தம் 26 முறை போட வேண்டும். கேட்கப் பயங்கரமாக இருக்கிறதல்லவா? அந்த 26 விழுதலையும் ஐந்து லேப்டாப்கள் வரை பங்கு போட்டுக்கொள்ள முறையே அனுமதிக்கிறது. ஆக ஒவ்வொன்றும் ஐந்தாறு தடவை விழுந்தால் போதும்.

ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. இந்தச் சோதனைகளுக்காக வடிவமைத்த உடல் பொதுவாகவே உறுதியாக இருக்கும். ஆனால் "ராணுவத் தரம்" என்று எழுதியிருந்தாலும் லேப்டாப் உங்கள் கையிலிருந்து விழுந்து உடைந்தால் சாதாரண வாரண்டி ஒன்றும் தராது. அதற்கு விபத்துச் சேதப் பாதுகாப்பு தனியாக வாங்கியிருக்க வேண்டும்.

சரி, கையில் எடுத்துப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

கீல். ஹிஞ்ச் என்கிறோமே, அதுதான். என் மேஜைக்கு வரும் உடைந்த லேப்டாப்களில் சிபியு செத்துப் போனது அபூர்வம். கீல் பிய்ந்து வந்ததுதான் அதிகம்.

காரணம் எளிது. மலிவான உடலில் கீலைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள், பிளாஸ்டிக்கில் அழுத்திப் பதித்த சின்னப் பித்தளை வளையங்களில் இறங்குகின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கீல் அந்தப் பிளாஸ்டிக்கை இழுக்கிறது. நாளாக ஆக கீல் இறுகும், பிளாஸ்டிக் களைக்கும். ஒருநாள் காலையில் திறக்கும்போது "டக்" என்று ஒரு சத்தம். பிரித்துப் பார்த்தால் பித்தளை வளையம் ஸ்க்ரூவோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் தூள் மூலையில் கொட்டிக் கிடக்கும். திரை ஒரு பக்கம் பிளந்து நிற்கும். உள்ளே மற்றதெல்லாம் நன்றாகவே இருக்கும், ஆனால் மூடித் திறக்க முடியாது. கீலைத் தாங்கும் சட்டம் உலோகமாக இருந்தால் இந்தக் கதை பெரும்பாலும் நடப்பதில்லை.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். ஒரு கையால் மூடியின் நடுவைப் பிடித்துத் திறங்கள். அடிப்பாகம் கூடவே தூக்கிக்கொண்டு வராமல், தடங்கலில்லாமல் திறக்க வேண்டும். திரையைத் தட்டிவிட்டால் ஆட்டம் சீக்கிரம் நிற்க வேண்டும். மூடியின் பின்பக்கத்தை நடுவில் விரலால் லேசாக அழுத்துங்கள். திரையில் அலை போல நிறம் கலங்கினால் மூடி மெல்லியது என்று அர்த்தம், நெரிசலான பையில் அந்தத் திரை தாங்காது. முன்பக்கத்து ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்குங்கள். உடல் முறுகி எங்கேயாவது "கிரீச்" என்றால் கீழே வைத்துவிடலாம். கீபோர்டின் நடுவில் அழுத்தினால் குழியக் கூடாது. இதெல்லாம் முடிய ஒரு நிமிடம் ஆகாது. விற்பவர் முறைத்தாலும் பரவாயில்லை.

வாங்கிய பிறகு ஒரு பழக்கம்: திறக்கும்போது மூலையைப் பிடித்து இழுக்காதீர்கள், நடுவைப் பிடியுங்கள். மூடுமுன் கீபோர்டின் மேல் பேனா கிடக்கிறதா என்று பாருங்கள். பேனா கிடப்பது தெரியாமல் மூடியதால் உடைந்த திரைகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

ரேம் 8 ஜிபி போதாதா?

போதாது. மின்னஞ்சல், பதினைந்து உலாவித் தாவல்கள், ஒரு வீடியோ மீட்டிங், ஒரு கணக்கு மென்பொருள். இவ்வளவு திறந்தாலே 8 ஜிபி மூச்சு வாங்கும். 16 ஜிபி இன்றைக்கு அடிப்படை. பெரிய தரவு, வெர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டுவது), வீடியோ எடிட்டிங் என்று போனால் 32.

அளவை விட முக்கியமான கேள்வி, ரேம் ஸ்லாட்டில் இருக்கிறதா, மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்களா என்பது. பற்றவைத்திருந்தால் வாங்கும்போது இருப்பதுதான் கடைசிவரை. இதை மாடல் பெயரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 2024ல் வந்த திங்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறையில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். பழுது பார்க்கும் எளிமைக்கு, கருவிகளைப் பிரித்துப் பார்த்து மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் தளம் அதற்கு 10க்கு 9 கொடுத்தது. அதே வரிசையில் கொஞ்சம் மெலிந்த டி14எஸ்ஸில் ரேம் பற்றவைத்தது. நடுவில் ஒரே ஒரு "எஸ்"தான் வித்தியாசம். இன்டெல்லின் கோர் அல்ட்ரா 200வி சிபியுக்களில் ரேம் சிபியுவின் பொதிக்குள்ளேயே வந்துவிடுகிறது, தொடக்கூட முடியாது.

பற்றவைத்தது கெட்டது என்றில்லை, மின்சாரம் மிச்சமாகும். ஆனால் அப்படியானால் முதலிலேயே தாராளமாக எடுங்கள். ஸ்லாட் இருந்தால் இப்போது 16 வாங்கி, தேவைப்படும்போது கூட்டிக்கொள்ளலாம்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். அது பெரும்பாலான பிசினஸ் மாடல்களில் மாற்றக்கூடியது. இஎம்எம்சி (மெதுவான, பற்றவைத்த மலிவுச் சேமிப்பு) என்று எழுதியிருந்தால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சிபியு பெயர்கள் தலை சுற்றுகின்றனவே?

வேண்டுமென்றே சுற்ற வைத்திருக்கிறார்களோ என்று எனக்கே சந்தேகம். ஏஎம்டியின் 7000 வரிசையைப் பாருங்கள். ரைசன் 5 7520யு, 7530யு, 7540யு என்று மூன்று. அடுத்தடுத்த எண்கள், பார்த்தால் அண்ணன் தம்பி போலத் தெரியும். உண்மையில் முதலாவது ஜென் 2, அதாவது 2019ல் வந்த வடிவமைப்பு. இரண்டாவது ஜென் 3, மூன்றாவது ஜென் 4. அந்த எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. முதல் இலக்கம் வெறும் சந்தை வருடம். விற்பவர் "புது 7000 சீரீஸ் சார்" என்பார், பொய்யும் இல்லை.

இன்டெல்லிலும் இதே கதைதான். கோர் 5, கோர் அல்ட்ரா 5 இரண்டும் ஒன்றல்ல. கோர் 5 120யு என்பது பழைய வடிவமைப்புக்குப் புதுப் பெயர். அலுவலக வேலைக்கு அதுவும் நன்றாகவே ஓடும். ஆனால் அதற்கு அல்ட்ராவின் விலை கொடுக்காதீர்கள்.

கடைசி எழுத்தைப் பாருங்கள். யு என்றால் குறைந்த மின்சாரம், குறைந்த சூடு, அதிக பேட்டரி நேரம். எச் என்றால் வேகம் கூட, கூடவே விசிறிச் சத்தமும். அலுவலக வேலைக்கு நடுத்தர யு சிபியு போதும். மிச்சப் பணத்தை ரேமுக்கும் திரைக்கும் போடுங்கள். வெறும் என்100 என்று போட்ட சிபியு படிக்கும் பிள்ளைக்குச் சரி, நாள் முழுக்க வேலைக்குச் சரிவராது.

ஸ்னாப்டிராகன் லேப்டாப் பேட்டரி நாள் முழுக்க நிற்கிறதாமே?

நிற்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது ஆர்ம் சிபியு, இன்டெல், ஏஎம்டி சிபியுக்களிலிருந்து அடிப்படையிலேயே வேறு வகை. பழைய விண்டோஸ் மென்பொருள் பலவும் மொழிமாற்றி போன்ற ஓர் அடுக்கின் வழியே ஓடிவிடும். பிரிண்டர் போன்ற கருவிகளை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர்கள் அப்படி ஓடாது. உங்களிடம் பழைய பிரிண்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்துக்கான யுஎஸ்பி டோக்கன், குறிப்பிட்ட விபிஎன் என்று ஏதாவது இருந்தால், அதற்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று வாங்குமுன் பார்த்துவிடுங்கள். உலாவியிலும் ஆபீஸிலும் மட்டுமே வேலை என்றால் தாராளமாக வாங்கலாம்.

திரையில் எதற்கு இவ்வளவு விலை வித்தியாசம்?

ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று திரைகள் வைத்து விற்பார்கள், மலிவானது பெரும்பாலும் மங்கலானது. வெளிச்சம் நிட்ஸில் சொல்லப்படும். 250 நிட்ஸ் ஜன்னலோரத்தில் கண்ணைச் சுருக்க வைக்கும். 300 ஏற்றுக்கொள்ளலாம், 400 நிம்மதி. நிறத்துக்கு "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரியும்; கணக்கு எழுத அது போதும், பொருட்களின் படத்தைப் பார்த்துத் தேர்வு செய்ய ஆகாது. அதற்கு 100% எஸ்ஆர்ஜிபி வேண்டும். பளபளப்பில்லாத மேட் திரையை எடுங்கள், உங்கள் முகத்தை நீங்களே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அப்புறம், 16:10 வடிவம். 1920×1080க்குப் பதில் 1920×1200. வெறும் 120 புள்ளிதானே என்று தோன்றும். எக்செலில் அது நாலைந்து வரிகள். நாள் முழுக்க உருட்டிக்கொண்டே இருப்பவருக்கு அந்த நாலைந்து வரிகளின் அருமை தெரியும்.

பேட்டரி "18 மணி நேரம்" என்கிறார்கள், நம்பலாமா?

அந்த எண் பெரும்பாலும் வெளிச்சத்தைக் குறைத்து வைத்து வீடியோ ஓட்டி எடுத்தது. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்கும் என்று சொல்லும் வாட்-அவர் அளவைப் பாருங்கள். சாதாரண வேலையில் ஒரு லேப்டாப் 8 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 56 வாட்-அவர் பேட்டரி என்றால் ஏழு மணி நேரம். வீடியோ மீட்டிங் தொடங்கினால் இழுப்பு கூடும், நேரம் அதே வேகத்தில் இறங்கும். ஒரே மாடலில் சின்ன பேட்டரி, பெரிய பேட்டரி என்று இரண்டு வரும். மலிவான விலைக்குள் சின்னது ஒளிந்திருக்கும். கேட்டு வாங்குங்கள்.

இதிலும் மூன்றாவது வருடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லித்தியம்-அயான் பேட்டரி சில நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு ஏழு மணி நேரம் ஐந்தரையாக இருக்கும். எப்போதும் மேஜையில் சார்ஜரோடுதான் இருக்கிறது என்றால், தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ (விண்டோஸ் தொடங்குமுன் ஓடும் அடிப்படை மென்பொருள்) 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். எப்போதும் நூறில் நிற்பதும் சூடும் சேர்ந்தால் பேட்டரி உப்பிவிடும். டச்பேட் திடீரென்று அழுத்த வராமல் போனால், அடியில் பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அந்த நிமிடமே பயன்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு துணுக்கு: 100 வாட்-அவருக்குள் இருந்தால் தனி அனுமதி கேட்க வேண்டியதில்லை. பெரிய லேப்டாப்களில் 99 வாட்-அவர் பேட்டரி அடிக்கடி தட்டுப்படுவதன் ரகசியம் இதுதான்.

எல்லா டைப்-சி போர்ட்டும் ஒன்றுதானா?

வடிவம் ஒன்று, குணம் வேறு. சில துளைகளில் தகவல் மட்டும் போகும். சிலவற்றில் சார்ஜும் ஏறும். சிலவற்றில் மானிட்டரும் ஓடும். தண்டர்போல்ட் 4 என்றால் எல்லாம் உண்டு, வினாடிக்கு 40 கிகாபிட் வேகத்தில். டைப்-சி வழியே சார்ஜ் ஏறுவது கட்டாயம் வேண்டும். சார்ஜரை மறந்து வந்த நாளில் பக்கத்து மேஜைக்காரரின் 65 வாட் சார்ஜர் காப்பாற்றும். ஐரோப்பிய ஒன்றியம் 2026 ஏப்ரல் முதல் புது லேப்டாப்களுக்கு இதையே பொது விதியாக்கியிருக்கிறது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு துளை தளர்ந்து போனாலும் இன்னொன்று இருக்கும்.

எச்டிஎம்ஐ ஒன்று, பழைய அகல யுஎஸ்பி இரண்டு. மெலிந்த லேப்டாப் வாங்கிவிட்டு, அடாப்டரை மறந்து மீட்டிங் அறையில் விழிப்பதைவிட இது மேல்.

கீபோர்டு, கேமரா?

பத்து வரியாவது அடித்துப் பாருங்கள், வேறு வழியில்லை. தண்ணீர் தாங்கும் கீபோர்டு என்றால் ஒரு டம்ளர் கொட்டினால் தப்பிக்க வாய்ப்பு உண்டு என்றுதான் அர்த்தம். கொட்டினால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்து வையுங்கள். "ஓடுகிறதா பார்ப்போம்" என்று உடனே ஆன் செய்வதுதான் மதர்போர்டைக் கொல்கிறது. கேமரா 1080பி இருக்கட்டும், மூடும் சின்னத் தகடு இருந்தால் நல்லது.

ஏஐ பிசி வாங்க வேண்டுமா?

அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மைக்ரோசாஃப்டின் கோபைலட்+ அடையாளத்துக்கு 40 டாப்ஸ் (வினாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள்) வேகமுள்ள என்பியு, அதாவது ஏஐ வேலைக்கென்றே உள்ள பகுதி, 16 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு வேண்டும். நீங்கள் தேர்ந்த லேப்டாப்பில் அது தானாக வந்தால் சரி.

கேமிங் லேப்டாப் இன்னும் வேகமாக, அதே விலையில் கிடைக்கிறதே?

வேகம் உண்மை. எடை, சத்தம், செங்கல் அளவு சார்ஜர், மூன்று மணி நேர பேட்டரி, இவையும் உண்மை. முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங் செய்பவர் வாங்கலாம்.

மேக்புக்?

மேக்புக் ஏரில் விசிறியே இல்லை, பேட்டரி அருமை, உடல் உறுதி. ஆப்பிள் 1000 சார்ஜ் சுழற்சி வரை 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்ததாகச் சொல்கிறது. ரேம், சேமிப்பு இரண்டையும் பின்னால் கூட்ட முடியாது. உங்கள் கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றால் இந்தக் கேள்வி அங்கேயே முடிந்தது.

பழைய பிசினஸ் லேப்டாப், அதாவது சரிபார்த்து மறுபடி விற்கும் ரீஃபர்பிஷ்ட், வாங்கலாமா?

கையில் பணம் குறைவு என்றால் நான் முதலில் பரிந்துரைப்பதே இதைத்தான். பெரிய நிறுவனங்கள் மூன்று நாலு வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. அவற்றில் நன்றாகப் பார்த்துக்கொண்ட ஒரு டி வரிசையோ எலைட்புக்கோ, அதே விலையில் புதிதாக வரும் பிளாஸ்டிக் லேப்டாப்பைவிட அதிகம் உழைக்கும்.

ஆனால் நாலு விஷயம் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0வும் (பூட்டுச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். ஏழாம் தலைமுறை ஐ7ஐ மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து, பயாஸுக்குள் நுழைந்து பாருங்கள். சூப்பர்வைசர் கடவுச்சொல் கேட்டால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல் இரண்டு வாங்கினேன். ஒன்று நன்றாக ஓடியது. இன்னொன்றில் விண்டோஸைப் புதிதாகப் போட்டு இணையத்தில் இணைத்ததும், "வருக" என்று முன்பின் தெரியாத ஒரு நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அதன் ஊழியர் கணக்கைக் கேட்டது. பழைய சொந்தக்காரர் தன் நிர்வாகப் பட்டியலிலிருந்து அதை எடுக்கவே இல்லை. விற்றவர் ஒரு மாதம் இழுத்தடித்துத்தான் மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து, இணையத்தில் இணைத்து முதல் அமைப்பு முடியும்வரை நான் இடத்தைவிட்டு நகர்வதில்லை.

பேட்டரி அறிக்கையை விண்டோஸே எடுத்துக் கொடுக்கும். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது ஏறும் கொள்ளளவு, இரண்டையும் ஒப்பிடுங்கள். பாதியாகியிருந்தால் புதுப் பேட்டரி விலையைக் கழித்துப் பேசலாம். கடைசியாக, சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி மிச்சம் இருக்கிறதா, எந்தத் திரையோடு வெளியே வந்தது என்பது வரை தெரியும்.

வாரண்டியில் எதைக் கவனிக்க வேண்டும்?

வருட எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். ஆள் நம் இடத்துக்கு வருகிற ஆன்-சைட் வாரண்டியா, நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதா? வருவார் என்றால் அடுத்த வேலை நாளா, "முடிந்தவரை சீக்கிரம்" என்பதா? லேப்டாப்புக்கு மூன்று வருடம் என்றாலும் பேட்டரிக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான். வாடிக்கையாளர் விவரங்கள் வைத்திருப்பவர்கள், பழுதான எஸ்எஸ்டியைத் திருப்பிக் கொடுக்காமல் நாமே வைத்துக்கொள்ளும் வசதி உண்டா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் சிறு கூடுதல் கட்டணத்தில் தருகின்றன.

தனி ஆளாகத் தொழில் செய்பவருக்கு மூன்று வருட ஆன்-சைட் வாரண்டி, ஒரு படி மேலான சிபியுவைவிட மதிப்பானது என்பது என் அபிப்பிராயம்.

அலுவலகத்துக்குப் பத்து வாங்க வேண்டும். ஆளுக்குத் தகுந்தபடி வேறு வேறு வாங்கலாமா?

ஒரே மாடல், அதிகபட்சம் இரண்டு. சார்ஜர் மாற்றிக்கொள்ளலாம், ஒன்றின் கீபோர்டை இன்னொன்றுக்கு மாட்டலாம், ஒருமுறை அமைத்துப் படியெடுத்து எல்லாவற்றிலும் போடலாம். பத்தாவது பழுதாகும்போது முதலாவதில் கற்றது கைகொடுக்கும்.

விண்டோஸ் ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா?

தனி ஆளுக்கு ஹோம் சமாளிக்கும். வெளியிலிருந்து உங்கள் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய, நிறுவனம் தன் கணினிகளை ஒன்றாக நிர்வகிக்கும் டொமைனில் சேர, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரை முழுதாகக் கட்டுப்படுத்த ப்ரோ வேண்டும். பிசினஸ் மாடல்களில் பெரும்பாலும் ப்ரோவோடு வாங்கும் வாய்ப்பு இருக்கும். பின்னால் மாற்றுவதைவிட அது மலிவு.

வாங்கி வந்தாகிவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடு முடியும்வரை இருக்கட்டும். வெள்ளைப் பின்னணி வைத்துத் திரையில் புள்ளி ஏதும் செத்திருக்கிறதா பாருங்கள். எல்லாத் துளைகளிலும் எதையாவது செருகிப் பாருங்கள். பயாஸையும் விண்டோஸையும் புதுப்பியுங்கள். சார்ஜ் வரம்பு போடுங்கள். சீரியல் எண்ணையும் பில்லையும் ஒரு படம் எடுத்து, லேப்டாப்பில் இல்லாமல் வேறெங்காவது வையுங்கள்.

பிறகு பிட்லாக்கரின் மீட்புச் சாவி. புது விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க்கைத் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன, பலருக்கு அது தெரிவதே இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு வாரண்டியில் மதர்போர்டு மாற்றினார்கள். வந்தவர் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, ஆன் செய்தார். நீலத்திரையில் 48 இலக்கச் சாவியைக் கேட்டு நின்றது. மதர்போர்டு மாறினால் டிபிஎம்மும் மாறும், டிஸ்க் நம்மை நம்பாது. அவர் எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கினார் என்பது அவருக்கே நினைவில்லை. பழைய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாக முயன்று, மூன்றாவதில் சாவி கிடைத்தபோது மாலை ஆகியிருந்தது. இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு லேப்டாப்பின் சாவியும் தாளில் அச்சாகி, சீரியல் எண்ணோடு, பூட்டிய அலமாரியில் ஒரு கோப்பில் இருக்கிறது.